கடைசிப் பதினாறு பக்கங்கள்

போன மாதம் என் தங்கை மகள் சென்னையிலிருந்து ஆறு நாவல்கள் அனுப்பியிருந்தாள். மூன்று காதல், மூன்று கொலை. உள்ளே ஒரு சீட்டு: "படிச்சிட்டு சொல்லுங்க பெரியம்மா. காட்டமா சொன்னாலும் பரவாயில்ல." காட்டமாகச் சொல்வதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே ஃபிஜியில், லவுட்டோகாவில் விடாத மழை. பத்து நாளில் ஆறையும் முடித்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். காதல் நாவல்களில் ஒன்றும் மாறவில்லை என்றேன். அந்தக் காலத்தில் கதாநாயகனுக்குக் குன்னூரில் எஸ்டேட் இருந்தது, இப்போது பெங்களூரில் கம்பெனி இருக்கிறது, கோபம் மட்டும் அதே கோபம். முன்னூறு பக்கம் அந்தப் பெண்ணை விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு, சின்ன வயதில் அம்மா விட்டுப் போனதால்தான் இப்படி ஆகிவிட்டேன் என்கிறான். அவளும் உருகிவிடுகிறாள். எனக்கோ அவன் கன்னத்தில் இரண்டு விட வேண்டும் போலிருந்தது. கொலை நாவல்கள் அதைவிட மோசம். துப்பறிகிறவன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. தெருமுனைக் கேமராவைப் பார்க்கிறான், செல்போன் டவரைப் பார்க்கிறான், ஆள் அகப்பட்டுவிடுகிறான். கொலை செய்தவன்மேல்தான் எனக்கு இரக்கம் வந்தது, அவனாவது வெயிலில் அலைந்தான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அந்த நீல அட்டை நாவலைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?" என்று கேட்டாள். அதில் கதாநாயகி அனுப்பும் ஒரு செய்தியை, கதாநாயகன் பார்ப்பதற்குள் அவனுடைய அக்கா போனிலிருந்து அழித்துவிடுகிறாள். எட்டு வருஷம் இருவரும் பிரிந்து கிடக்கிறார்கள். "இதை நீங்க கிழிகிழின்னு கிழிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நெஜமாவா? சரி, இன்னும் கடைசிப் பக்கத்தைத்தான் மொதல்ல படிக்கிறீங்களா?"

"பழக்கம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அந்தப் பழக்கத்துக்கு இப்போது வேறு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு தோழி இருந்தாள். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டாள். "இல்லை" என்ற ஒரே சொல்லைத்தான் நான் பதிலாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாவலை நான் ஒழுங்காகப் படித்ததுதான் அதற்குக் காரணம்.

அப்போது நாங்கள் வட்டுகோலாவில் இருந்தோம். என் கணவர் தங்கச் சுரங்கத்தில் என்ஜினியர், மூன்று வருஷ ஒப்பந்தம். தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ், பின்னால் கொய்யா மரங்கள், சங்கு ஊதினால் வீடு வந்து சேரும் மனிதர்கள். அக்கம்பக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் நிறைய உண்டு, தமிழ் கிடையாது. நாயுடு வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் இந்துஸ்தானிதான் பேசினார்கள். என் தங்கைதான் என்மேல் இரக்கப்பட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பாக்கெட் நாவல்களைத் துணியில் சுற்றித் தைத்துக் கப்பலில் அனுப்புவாள். ஊரில் ரயில் ஏறினால் வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டு வருவோமே, அந்த மாதிரிப் புத்தகங்கள். ஊரில் இருந்தவரை நான் அவற்றைத் தொட்டதுகூட இல்லை. வட்டுகோலாவில் அவற்றுக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கினால் தவுவா டவுன். தபால் பெட்டி அங்கேதான். ஒருநாள் பார்சலை வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனேன். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் என் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிந்து ஒரு நாவல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தலைப்பை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, இது தமிளு புக்குதானே? நான் படிச்சது கரெட்டா?" என்றாள்.

அவளுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தவுவாவில் பிறந்தவள். கோயிலில் சாயங்கால வகுப்பு நடத்திய ஒரு வாத்தியாரிடம் எழுத்து கற்றுக்கொண்டாளாம். கூடப் படித்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்கு மறந்துவிட்டது, இவளுக்கு மட்டும் மறக்கவில்லை. வீட்டில் இரண்டு தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன, ஒரு பாலபாடமும் ஒரு தேவாரமும். அந்த இரண்டையும் எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. புருஷன், மாமியார், மச்சினர் யாருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் கூடையிலிருந்து ஒரு காதல் நாவலை எடுத்துக் கொடுத்தேன். கோயிலில் பிரசாதம் வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

என் வாய் சும்மா இருக்காது. முதல் இரண்டு பார்சல்களில் நான் படித்து முடித்த புத்தகங்களைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே, "அந்த டாக்டரை நம்பாதே" என்று சொல்லித் தொலைப்பேன். நான் சொல்லாவிட்டாலும் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவது பார்சலின்போது அவள் கறாராகச் சொன்னாள்.

"இனிமே நான் மொதல்ல படிக்கிறேன் அக்கா. நீங்க படிச்சா கொலைகாரன் ஒங்க மூஞ்சியிலியே தெரியிறான்."

சரி என்றேன். எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவேன். அது தெரிந்ததும் அவள் அதிர்ந்துபோனாள். சாமி அறையில் செருப்புப் போட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அடுத்த வாரம் வந்த புத்தகத்தில் கடைசிப் பதினாறு பக்கங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஆபீஸ் ஸ்டேப்ளரால் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று அடி. அட்டையின் உள்பக்கம் அவள் எழுதியிருந்தாள்: "கொலைகாரன் யார் என்று இங்கே எழுதிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். அவள் படித்து, ஸ்டேப்ளர் போட்டு, பழுப்புத் தாளில் சுற்றி, வட்டுகோலா பஸ் டிரைவரிடம் கொடுப்பாள். நான் படித்து, என் கருத்தை எழுதித் திருப்பி அனுப்புவேன். டிரைவர் ஒரு ஃபிஜிக்காரர், பெரிய உடம்பு, சின்னக் குரல். நாங்கள் அவ்வளவு பத்திரமாகச் சுற்றி அனுப்புவதைப் பார்த்து அவை ஏதோ ஜபப் புத்தகங்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். கால் படும் இடத்தில் வைக்க மாட்டார், கண்ணாடி ஓரமாகத்தான் வைப்பார். நாங்களும் அவரைத் திருத்தவில்லை.

அட்டையின் உள்பக்கங்களில் எங்கள் சண்டை நடந்தது. அவள் பேசுவது அந்தக் காலத்து மதராஸ் தமிழ், நடுநடுவே இந்துஸ்தானியும் இங்கிலீஷும் வரும். எழுதுவது மட்டும் அச்சு அசலாக நாவல் தமிழ். நாவல்களைப் பார்த்துத்தானே அவள் வாக்கியம் எழுதக் கற்றுக்கொண்டாள். "கதாநாயகி தன் செவ்விதழ்களைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நூறு பக்கம் மிச்சம். ஆயினும் எனக்குக் கண்ணீர் ததும்பியது" என்று எழுதுவாள். நான் அதன் கீழே, "எனக்குக் கொட்டாவி ததும்பியது" என்று எழுதுவேன். அவளுக்குக் காதல், எனக்குக் கொலை. காதல் கதையில் யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறதே, இதற்கு எதற்கு ஸ்டேப்ளர் என்று கேட்டால், "சேருவாங்கன்னு தெரியும் அக்கா, எப்பிடி சேருவாங்கன்னு தெரியாதுல்ல" என்பாள்.

எனக்கு அறவே பிடிக்காத ஒரு திருப்பம் உண்டு. ஒரு கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் காதலர்கள் பிரிவது. இதை ஒரு நாவலின் உள்ளட்டை முழுக்கத் திட்டியிருக்கிறேன். "இது சோம்பேறித்தனம். நிஜ வாழ்க்கையில் ஒரு கடிதம் தவறினால் மனிதர்கள் இன்னொரு கடிதம் எழுதுவார்கள். நேரில் போவார்கள். ஒரு காகிதத்தை நம்பி எவளாவது வாழ்க்கையை வைப்பாளா?" என்று எழுதினேன். அதன் கீழே அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: "அவளுக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம் அக்கா."

நேர்மையாக நான் ஒரு புத்தகத்தையும் படித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் வந்து அரை மணி நேரத்துக்குள் ஹேர்பின்னால் மூன்று கம்பிகளையும் நிமிர்த்தி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி அதே ஓட்டைகளில் செருகி மடக்கிவிடுவேன். பிறகு உள்ளட்டையில் யோசித்துக் கண்டுபிடித்தவள் மாதிரி கொலைகாரன் பெயரை எழுதுவேன். ஏழெட்டுப் புத்தகம் இப்படியே போனது. ஒருமுறை திரும்பி வந்த புத்தகத்தில் என் விடைக்குக் கீழே அவள் கையெழுத்து: "சரியான விடை. ஹேர்பின் உபயம்." கம்பிகள் கோணலாக மடங்கியிருந்ததை முதல் நாளே கவனித்துவிட்டாளாம். ஸ்டேப்ளர் போடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நேரில் பார்த்தபோது கேட்டேன்.

"நீங்க தெறக்கிறது எனக்குத் தெரியும். நான் மூடுறது ஒங்களுக்குத் தெரியும். அது பாட்டுக்கு இருக்கட்டும் அக்கா, நல்லாருக்கு" என்றாள்.

பிறகு கூ வந்தது. பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், ஏதோ பறவை கூவியது போல. பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டபோது நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சில நாட்கள் பஸ் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது வழியில் சிப்பாய்கள் நிறுத்திச் சோதித்தார்கள். ஒருநாள் எங்கள் பொட்டலத்தையும் பிரித்திருக்கிறார்கள். கடைசிப் பக்கங்கள் ஏன் பூட்டியிருக்கின்றன என்று ஒரு சிப்பாய் கேட்டானாம். இது இந்தியர்களின் ஜபப் புத்தகம், அந்தப் பகுதியை உரிய நாளுக்கு முன்னால் திறந்தால் பாவம் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். சிப்பாய் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இதைக் கேட்டு நானும் அவளும் தவுவா மார்க்கெட் வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

இந்தியர்களின் கை ஓங்கிய அரசைக் கவிழ்க்கத்தான் பட்டாளம் வந்தது. இந்திய வம்சத்து ஜனங்கள் நாட்டை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று ஒரு பயம், வீடு காலியாவது தெரிந்தால் கல்லெறிவார்கள் என்று இன்னொரு பயம். விமான நிலையம் இருக்கும் நாந்தியில் கல்யாணம் என்று சொல்லிப் பட்டுப்புடவையோடு காரில் ஏறுவார்கள். ஒரு வாரம் கழித்து ஆக்லாந்திலிருந்தோ சிட்னியிலிருந்தோ சேதி வரும். திரைச்சீலை தொங்கிக்கொண்டிருக்கும், நாய் கட்டியபடி இருக்கும். நேற்று வரை எதிரே நின்று பேசிய மனுஷியின் வீடு இன்று பூட்டியிருக்கிறது. எனக்கு இது ஆத்திரத்தைக் கொடுத்தது. எனக்கு என்ன, என் பீரோவில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது, ஒப்பந்தம் முடிந்தால் திரும்புவதற்கு டிக்கெட்டும் உண்டு. பயப்படாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காதல் நாவல் அவளிடமிருந்து வந்தது. முடிவில் கதாநாயகி புருஷனோடு வெளிநாட்டுக்குப் போகிறாள். விமான நிலையத்தில் மூன்று பக்கம் அழுகை. அதன் உள்ளட்டையில், "இந்த முடிவு தங்களுக்கு எப்படிப் பட்டது என்று அவசியம் எழுதவும்" என்று கேட்டிருந்தாள். வழக்கத்தில் அப்படிக் கேட்க மாட்டாள், நான் கேட்காமலேயே எழுதுகிறவள் அல்லவா. நான் எழுதினேன். எழுதியது இன்றைக்கும் எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. "ஊர்மேல் இத்தனை பாசம் வைத்திருப்பவள் இருந்து காட்டியிருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறவள் எத்தனை அழுதாலும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது."

நான் திட்டியது அந்த நாவலைத்தான். சாமி சத்தியமாக நாவலைத்தான். பூட்டிய வீடுகள்மேல் இருந்த ஆத்திரத்தையும் அதில் கொட்டினேன், அது உண்மை. அவளை நினைத்து ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் போவாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. டிரைவரைக் கேட்டால் கையை விரித்தார். போன் பேசலாம் என்றால் சுரங்கத்து எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் பேச வேண்டும், அந்த நாட்களில் யாரும் போனில் பேச விரும்பவில்லை. வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, ஏதோ மனசு நோகும்படி எழுதிவிட்டேனோ என்றும் நினைத்தேன். அவளுக்குப் பிடித்த கதாநாயகியைத் திட்டியதற்கு இவ்வளவு கோபமா என்று என் புத்திக்கு எட்டிய அளவில் யோசித்தேன்.

நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை, டிரைவர் பொட்டலம் கொடுத்தார். கொலை நாவல். அவள் காதல் நாவல்களைத்தான் முதலில் முடிப்பாள், இது எனக்காகப் பார்த்து எடுத்தது. கடைசிப் பதினாறு பக்கங்களும் வழக்கம்போல ஸ்டேப்ளர் போட்டிருந்தன. ஹேர்பின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அன்றிலிருந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் மனசு நொந்திருக்கிறாள், அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வருஷமாக அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம், ஒரு புத்தகத்தையாவது முதலிலிருந்து படி என்பதுதான். இந்தப் புத்தகத்தை அப்படிப் படித்து, கொலைகாரனை நானே யோசித்து எழுதி, தப்பாக இருந்தாலும் சரி, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். கப்பல் பார்சலும் நின்றுபோயிருந்தது. இதுதான் கையில் இருந்த கடைசிப் புத்தகம். நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று மிச்சம் பிடித்துப் படித்தேன். எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. என் கணவர்கூட, "என்ன, இந்தப் புத்தகம் ஒரு வாரமா ஓடுது?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஸ்டேப்ளர் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தேன். உள்ளட்டையில், "எஸ்டேட் மானேஜர்" என்று எழுதினேன். பிறகு ஹேர்பின் இல்லாமல், நகத்தால், முறையாக மூன்று கம்பிகளையும் பிரித்தேன். பதினைந்து பக்கம் படித்தேன். கொலைகாரன் மானேஜர் இல்லை, செத்தவனின் தம்பி. பதினாறாவது பக்கத்தின் பாதியிலேயே கதை முடிந்து, கீழே வெற்றிடம். அங்கே அவள் கையெழுத்து, நுணுக்கி நுணுக்கி, விளிம்பு வரை.

"அன்புள்ள அக்கா, வழக்கம்போல் நீங்கள் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. கடிதம் கொடுத்தனுப்பினால் என்ன கடிதம் என்று கேட்பார்கள், புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் கனடாவுக்குப் போகிறோம். புதன்கிழமை இரவு விமானம். அன்று காலை பத்து மணிக்கு தவுவா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இருப்பேன். ஒரு மணி வரை எனக்கு நேரம் இருக்கிறது. நீங்கள் வந்தால் போதும், ஒன்றும் கொண்டுவர வேண்டாம். போன நாவலுக்கு நீங்கள் எழுதியதை வாசித்தேன். அது எனக்காக எழுதியதுதானா அக்கா? இல்லை என்று உங்கள் வாயால் கேட்டுவிட்டால் நான் நிம்மதியாகப் போவேன்."

புதன்கிழமை நேற்றே முடிந்துவிட்டிருந்தது.

புடவையை மாற்றினேனா, கதவைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் தவுவா போனேன். ஆபீசில் அவள் மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்து, பழகாத விரல்களால் ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டேப்ளர் மேஜைமேல் இருந்தது. வீட்டுக்குப் போனேன். திரைச்சீலை தொங்கியது. கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, ஊரே பார்க்க அழுதேன்.

வட்டுகோலா பஸ்ஸின் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெரிந்த இந்துஸ்தானியில், மெல்லிய குரலில், நேற்று நடந்ததைச் சொன்னார். அவள் பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாளாம். பச்சைப் புடவை. பத்தரை பஸ் வந்தபோது படியில் ஏறி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தாளாம். பதினொன்றரை பஸ்ஸிலும் பார்த்தாளாம். ஒரு மணி பஸ் வந்தபோது ஏறவில்லை, கீழே நின்றபடி அவரிடம் கேட்டாளாம், மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

காலையில்தான் கடை வாசலில் பார்த்தேன், மேடம் நன்றாக இருக்கிறார், சிரித்துப் பேசினார் என்று சொன்னதாகச் சொன்னார். அவர் பார்த்தது வாஸ்தவம். புதன்கிழமை காலை கடை வாசலில் நின்று, இந்த வாரம் உங்கள் ஜபப் புத்தகத்தை நேர்மையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று நான்தான் அவரிடம் சிரித்துச் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் தலையை ஆட்டினாளாம். பிறகு பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றாளாம்.

நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் இன்னொரு கடிதம் எழுதுவார்கள் என்று நான் வீராப்பாக எழுதியவள் அல்லவா, எழுதினேன். முகவரி வேண்டும். அவளுடைய மச்சினர் சவேனியில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். லவுட்டோகா பஸ்ஸில் போய், கடற்கரை வழியாக விசாரித்துக்கொண்டு நடந்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஊர் இருந்த இருப்பில் அவரையும் குற்றம் சொல்ல முடியாது. யார் என்ன கேட்டாலும், "நை மாலூம்" என்றுதான் அப்போது எல்லாரும் சொன்னார்கள். அவரும் தெரியாது, தெரியாது என்றே சொன்னார். முகவரி வந்தால் இதையாவது அனுப்புங்கள் என்று என் கடிதத்தை நீட்டினேன். கவர்மேல் அவள் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன், பழக்க தோஷம். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, கரும்பு லாரி வருகிறது என்று வெளியே போய்விட்டார்.

யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதால்தான் எங்கள் பேச்சு அத்தனை நாள் பத்திரமாக இருந்தது. அந்தக் கடிதமும் அதே பத்திரத்தோடு அங்கேயே கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பதில் வரவில்லை. இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன், இங்கிலீஷ் முகவரி போட்டு, அதே சவேனிக்கு. மூன்றாவது கடிதத்துக்குள் அவரும் தோட்டத்தை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார்.

இருந்து காட்டியிருக்க வேண்டும் என்று எழுதினேனே, கடைசியில் இருந்தவள் நான்தான். ஒப்பந்தம் முடிந்து என் கணவருக்கு லவுட்டோகாவில் வேலை கிடைத்தது. இன்னொரு கூவையும் பார்த்தோம். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், கைப்பையைத் திறந்து காட்டினேன். தெருவில் நான்கு வீடு பூட்டிக் கிடந்தது. அந்த முறை நான் யாரையும் திட்டவில்லை. எதிர்வீட்டுப் பெண் நாந்தியில் கல்யாணம் என்று சொன்னபோது, அவள் கையைப் பிடித்து, நல்லபடியாகப் போய்விட்டு வா என்றேன். அவள் அழுதுவிட்டாள். அந்தச் சொல் அவளுக்கு உரியது இல்லை.

அந்தக் கொலை நாவல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று கம்பியும் துருப்பிடித்து, பக்கங்களில் பழுப்பு வட்டம் விழுந்துவிட்டது. உள்ளட்டையில் என் தப்பான விடை இருக்கிறது. அதன் கீழே அவள் ஏதாவது கேலியாக எழுதியிருப்பாள், அந்த இடம் காலியாக இருக்கிறது. அவள் கனடாவில் தமிழ் படிக்கிறாளா, அங்கே அவளுக்கு யாராவது புத்தகம் கொடுக்கிறார்களா என்று யோசிப்பேன். அவளுக்கும் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். என்னை நினைத்தால் எப்படி நினைப்பாள் என்று மட்டும் யோசிக்க முடிவதில்லை. சிரித்துப் பேசிக்கொண்டு கடை வாசலில் நின்ற ஒருத்தியைத்தான் அவள் மனசில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

நேற்று தங்கை மகள் மறுபடி போன் செய்தாள். அடுத்த கட்டு அனுப்பிவிட்டாளாம், இந்த முறை நான்கு கொலை, இரண்டு காதல். "பெரியம்மா, இந்தத் தடவையாவது மொதல்லேருந்து படிங்க. முடிவு தெரிஞ்சுட்டா என்ன சுவாரஸ்யம்?" என்றாள்.

முடிவுக்காக நான் பார்ப்பதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது. எந்தப் புத்தகம் வந்தாலும், கடையில் வாங்கினாலும், தபாலில் வந்தாலும், உறையைப் பிரித்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கீழே வெற்றிடத்தில் யாராவது பேனாவால் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருகிறேன்.